கால் உடைஞ்சா யார் பொறுப்பு?

"பொம்பள ஏஜென்ட்டா?" பக்தவத்சலம் சிரித்தார். "பந்து எந்தப் பக்கம் போனா கோல்னு தெரியுமா மேடம்?"

தெரசா டைப்ரைட்டரிலிருந்து காகிதத்தை உருவினாள். "அது ஆனந்தனுக்குத் தெரியும் சார். எனக்கு இந்தக் காகிதம் தெரிஞ்சா போதும்."

தொண்ணூற்றாறாம் வருஷம். மெட்ராஸ் அம்பத்தூரில், ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவளுடைய கடை. வெளியே போர்டில் 'ஜாப் டைப்பிங்' என்றுதான் இருக்கும். ஆனால் ஆவடி, பட்டாபிராம் பக்கத்துக் கால்பந்து வீரர்கள் வெளியூர் கிளப்பில் சேரும் முன் அவளிடம்தான் வருவார்கள். கிளப்போடு பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் அவள்தான். நாலு வருஷத்தில் பதினோரு பேர்.

இன்றைக்கு வந்திருந்த ஆனந்தன் பன்னிரண்டாவது ஆள். வலது விங்கில், மைதானத்தின் ஓரமாக, பந்தோடு ஓடினால் பிடிக்க முடியாது. பக்கத்தில் அவன் அம்மா கன்னியம்மா. எதிரே, பெங்களூர் கிளப் ஒன்றின் செயலாளர் பக்தவத்சலம்.

"எல்லாம் சரிதான். இந்த ஒன்பதாவது ஷரத்து மட்டும் வேணாம்," என்றார் அவர். "ஆட்டத்துல அடிபட்டா வைத்தியம் கிளப் பாக்கணும், குணமாகி வர்ற வரைக்கும் சம்பளமும் தரணும்னு போட்டிருக்கு. இத யார் கேட்டா?"

"நான் கேட்டேன்."

"எங்க கிளப் ஒரு குடும்பம் மேடம். குடும்பத்துக்குள்ள யாராவது பத்திரம் எழுதிக்குவாங்களா?"

"எழுதிக்கலேன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். என் வீட்டுக்காரர் வேதமுத்து உங்க குடும்பத்துல ரெண்டு சீசன் ஆடினவர்தான். முட்டி போச்சு. ஸ்டேஷன் வரைக்கும்கூட யாரும் வரல. கால்ல கட்டோட தனியா ரயிலேறி வந்தார்."

"அப்போ நான் பொறுப்புல இல்ல."

"இப்ப இருக்கீங்களே. கையெழுத்துப் போடுங்க."

பக்தவத்சலத்தின் முகம் சிவந்தது. கன்னியம்மா பக்கம் திரும்பினார். "இவங்க பேச்சக் கேட்டா உங்க பையன் ஓ.டி. கிரவுண்டோட நின்னுடுவான். இதே இடத்துக்கு இன்னும் மூணு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

கன்னியம்மா விருட்டென்று எழுந்தாள்.

"இன்னாம்மா நீ? ஊடு தேடி வர்ற சான்ஸ எட்டி ஒதைக்கச் சொல்றியா? இன்னும் ஆடவே போவல, அதுக்குள்ள கால் ஒடயும்னு பேசிகினு கீறே! உன் ஊட்டுக்காரருக்கு ஆனது என் புள்ளைக்கும் ஆவணுமா? டேய், நீ போடுடா கையெழுத்த!"

தெரசாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஒருவன் அவளை உதறிவிட்டு இந்த ஷரத்து இல்லாமலே கையெழுத்துப் போட்டான். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறான். இவனுடைய வாய்ப்பு தன் பிடிவாதத்தால் போய்விட்டால்? அந்தப் பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை.

இருந்தாலும் ஒப்பந்தத்தை மேஜை நடுவில் வைத்தாள். மேலே பேனா.

"ஆனந்தா, கால் உன்னோடது. அந்த வரிய அடிச்சிட்டுப் போடறதுன்னா போட்டுக்கோ. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா சாட்சின்னு என் பேரு அதுல இருக்காது."

ஆனந்தன் அம்மாவைப் பார்த்தான். பேனாவை எடுத்தான். அதைச் செயலாளரிடம் நீட்டினான்.

"மொதல்ல நீங்க போடுங்க சார். ஒம்போதாவது வரியோட. இல்லாங்காட்டி நான் வர்ல."

"என்ன திமிர்! மெட்ராஸ்ல இவன் ஒருத்தன்தான் பந்து ஆடறானா?" பக்தவத்சலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்துட்டியேடா!"

"வுடும்மா. கால் ஒடஞ்சி பூட்டா எனக்கு யார் கஞ்சி ஊத்துவா? அவரா? நீதானே?"

கன்னியம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். பக்தவத்சலம் திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது ஷரத்துக்குப் பக்கத்தில் தனியாக இன்னொன்று. ஆனந்தனும் போட்டான்.

கன்னியம்மா தெரசாவின் கையை ஒருமுறை அழுத்தினாள். மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

பக்தவத்சலம் மட்டும் கிளம்பவில்லை.

"ஜெயிச்சிட்டதா நெனைக்காதீங்க," என்றார்.

"நெனைக்கல சார். உங்களுக்கு விங்ல ஆள் வேணும். வேற வழியில்ல."

"அதுக்காகத் திரும்பி வரல." வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது. "கல்கத்தா கிளப் ஒண்ணுலேருந்து ஞாயித்துக்கிழம ஒப்பந்தத்தோட என் வீட்டுக்கு ஆள் வர்றாங்க. என் பையன் பக்கம் உக்காந்து நீங்கதாம்மா பேசணும்."