புல் மறைவு

ஆட்டம் தொடங்குவதற்குள் செட்டிங்ஸுக்குள் போய் கிராபிக்ஸ் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன்.

மேசையின் எதிர்ப்பக்கம் என் மனைவி தன் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்காவிட்டால் அது பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நடுவில் டயப்பர் பெட்டியை நிறுத்தியிருந்தோம்.

உள்ளறையில் தூங்கும் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் ஒரு பெயரில் நின்றேன், அவள் இன்னொன்றில். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிப் பார்த்துக் கைகழுவிவிட்டார்கள். கடைசியில், இந்தத் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் எங்களில் யார் பிந்திச் சாகிறோமோ அவர் சொல்லும் பெயர் என்று முடிவானது.

பாராசூட்டில் இறங்கியதும் நேராகப் புல்வெளிக்கு ஓடினேன்.

என் திரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைந்தது. நுனியில் பனித்துளி வேறு. இடுப்பளவுப் புல்லுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டேன். எமனே தேடி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எமன் வரவில்லை. அவள் வந்தாள்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட அவளுடைய வீராங்கனை எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். எனக்குக் கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. இதில் தோற்றால் ஆயுசு முழுக்க என் மகளை இன்னொருவர் வைத்த பெயரால் கூப்பிட வேண்டும்.

முதுகில் சுட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாவமாகப் போய்விட்டது. என் சுபாவம் அப்படி. தோற்றால் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், ஜெயித்தால் இருப்பதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பார்க்காததா.

“சரி, போ. நீ சொன்ன பேரையே வச்சுக்கலாம்.”

“நெஜமாவா? உனக்கு ரொம்பப் பெரிய மனசு.”

குழந்தை சிணுங்கியது. அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டே உள்ளே போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுடைய லேப்டாப்பை மூடலாம் என்று இழுத்தேன். அவள் செத்த காட்சியை, அவள் பார்த்தபடியே, ஆட்டம் மறுபடி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அதில் புல்லே இல்லை.

அடிமட்டத் தரத்தில் புல்லையெல்லாம் வரைய மாட்டார்களாம். வெறும் மொட்டைத் தரை. அதன் நட்டநடுவில், மாடியில் காயப்போட்ட துணி மாதிரி நான் கிடந்தேன்.

அவள் துப்பாக்கியின் குறி என் தலைமேல் வந்து வெகுநேரம் நின்றது. பிறகு விலகியது. திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நான் சுடுவதாகக் காணோம்.

ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கு வசதியாக இன்னும் ஓரடி பக்கத்தில் வந்து நின்றாள்.