கடைசி நாலு கல்

மதிய வெயில், ஜன்னல் கம்பியில் காயும் வேலைச் சட்டையைத் தாண்டி, எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வெல்டரின் முழங்காலில் விழுகிறது. இவன் கையில் போன். வீடியோ காலில் ஊரிலிருக்கும் இவன் தங்கை. அவள் தன் போனைக் கம்ப்யூட்டர் திரைக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டு, இறந்துபோன பெரியண்ணனின் அந்தப் பழைய கம்ப்யூட்டரில், இவன் செய்து அனுப்பிய கேம் லெவலை முதல்முறையாக ஆடுகிறாள். திரையில் பொம்மை ஓட ஓட, காலடியில் ஒவ்வொரு கல்லும் ஒரு ஸ்வரமாக ஒலிக்கிறது. கேம் ஆடும்போதெல்லாம் பெரியண்ணன் விசிலடித்த மெட்டு அது. அவளுக்கு அடையாளம் தெரியுமா என்று இவன் நகத்தைக் கடிக்கிறான். "நிக்காம ஓடு குட்டி, நின்னா பாட்டும் நின்னுடும்." "தெரியும், சும்மா இரு சின்னண்ணா." பள்ளம் வருகிறது. பொம்மை தாவும்போது மெட்டு அறுந்து, அக்கரையில் மறுபடி தொடங்குகிறது. "லூசு, நடுவுல கல்லு வைக்க மறந்துட்டியா? சத்தமே..." பாதியில் நிறுத்துகிறாள். பள்ளம் தாவும்போது பெரியண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வான்; விசில் நின்றுபோகும். "ஐயோ, பெரியண்ணனேதான்!" சிரிக்கிறாள், மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்கிறது. இவன் தீத்தழும்பு ஏறிய கட்டைவிரலால் போனைத் துடைக்கிறான். லெவல் முடியும் இடத்துக் கொடிக்கம்பம் தெரிகிறது. சட்டென்று பாட்டு நிற்கிறது. "என்ன குட்டி, ஹேங் ஆயிடுச்சா?" "இல்ல, நான்தான் நின்னுட்டேன்." "ஏன்? இன்னும் நாலு கல்லுதானே." "அதான்." பொம்மை நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.