உத்தரவு கேட்கும் பேய்

ஹிசானோ மறுபடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

கியோத்தோ ஸ்டூடியோவில் ஒரு பழங்காலத்துச் சாமுராய் வீட்டை செட் போட்டிருந்தார்கள். புருஷன் கையாலேயே செத்த மனைவி, காகிதக் கதவைத் தள்ளிக்கொண்டு பேயாக வந்து நிற்க வேண்டும். அவன் நடுங்க வேண்டும்.

கதவைத் திறந்ததுமே ஹிசானோவின் தலை தானாகக் குனிந்துவிடும். அடுத்தவர் அறைக்குள் அப்படித்தான் நுழைய வேண்டும் என்று வளர்ந்தவள். போதாததற்கு, "மன்னிக்கணும், உள்ள வரலாமா?" என்று வாய் வேறு முணுமுணுக்கும்.

சாமுராய் வேடத்திலிருந்த சகாகி, இடுப்பு வாள் குலுங்கச் சிரிப்பார்.

"ஏம்மா, பழிவாங்க வந்தியா, விருந்துக்கு வந்தியா?" என்றார் டைரக்டர் இனுகாய். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு டேக். அதுலயும் குனிஞ்சேன்னா, நாளைக்கு வேற பொண்ணு."

இத்தனை வருடம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவளுக்கு, முகம் தெரிகிற முதல் வேடம் அது.

சோறு இறங்குமா?

பேய்ப்படம் தொடங்கும் அன்று, கதையில் வரும் பேய் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, ஸ்டூடியோ மூலையிலிருக்கும் சின்னக் கற்கோயிலில் எல்லோரும் வணங்குவது வழக்கம். அதோடு மறந்தும் விடுவார்கள். ஹிசானோ தன் சோற்று உருண்டையை அப்படியே கொண்டுபோய் அந்தக் கல்லின் முன் வைத்தாள்.

"நீங்களாவது சாப்பிடுங்கக்கா."

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓடத் தொடங்கியது.

கதவுக்குப் பின்னால், இருட்டில், நீள வெள்ளை அங்கி காலைத் தட்டிவிட, ஹிசானோ குப்புற விழுந்தாள். பொய்முடி கண்ணை மூடிக்கொண்டது. அதை ஒதுக்கிவிட்டு எழுவதற்குள், அந்தப் பக்கம் சகாகி அலறினார். வாள் எங்கோ போய் விழுந்தது.

எல்லாம் போயிற்று என்று, மன்னிப்புக் கேட்பதற்காகவே வெளியே வந்தாள்.

செட்டே கைதட்டிக்கொண்டிருந்தது. சகாகி ஒரு தூணைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"எனக்கே குலை நடுங்கிருச்சும்மா," என்றார் இனுகாய். "கதவத் திறந்து வந்து குனிஞ்சே பாரு, அதுதான் பயங்கரம். என்ன, வாயோரத்துல ஒரு சோத்துப் பருக்கை. அடுத்த தடவ துடைச்சிட்டு வா."

ஹிசானோ உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத உதடு.

மறுநாள் அவள் இரண்டு உருண்டைகள் கட்டி வந்தாள். ஒன்றைக் கல்லின் முன் வைத்தாள். பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், ஒரு கைக்குட்டையையும் மடித்து வைத்தாள்.