காணாமல் போன கசடு

"வெள்ளைச் சட்டையையும் நீலப் போர்வையையும் ஒண்ணா ஊறவெச்சது யாரு? நானா, நீங்களா?" கைபேசியில் கணவனிடம் சீறினாள் அவள்.

"சத்தியமா தனியாத்தான் போட்டேன்மா. அப்பவும் நீலம் ஏறிப்போச்சு."

"சட்டை தானா நீலமாகுமா? ஒரு வாளித் துணி துவைக்கத் துப்பில்லை. வைங்க போனை!"

போனை வைத்துவிட்டு, ஆலை முற்றத்துத் தொட்டியை மறுபடி எட்டிப் பார்த்தாள். கழிவுநீர்த் தொட்டிகளை வடிவமைக்கும் பொறியாளர் அவள். இது அவள் வரைந்த தொட்டி. ஆலையின் சாயக் கழிவு இதற்குள் மெதுவாக நகர்ந்தால் கசடு அடியில் படியும். தெளிந்த நீர் மட்டும் விளிம்பில் வழிந்து ஆற்றுக்குப் போகும். ஊர் முழுக்கக் குழாயில் வருவது அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வழிந்தது. அதுதான் குழப்பம்.

ஆலையில் சாயக் கூடங்கள் இரண்டு. ஒரு கூடத்துக் கழிவை மட்டும் கணக்கில் எடுத்து, தொட்டியைப் பாதியளவில் வரைந்துவிட்டது நேற்றுதான் அவளுக்கே தெரிந்தது. கசடு படிய இதில் நேரமே இருக்காது. நீலமாகத்தான் வழிய வேண்டும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார் தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஆப்பரேட்டர்.

"ரெண்டு கூடமும் ஓடுதா?"

"ஓடாம? அங்க பாருங்க."

சாயக் கூடத்து ஆட்கள் முழங்கை வரை நீலமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப கசடு எங்க? அடி வால்வைத் திறங்க."

திறந்தார். அங்கேயும் தெளிந்த தண்ணீர்.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இத்தனை சாயமும் எங்கேதான் போகிறது?

"கசடைக் காலையிலதான் லாரியில ஏத்திவிட்டோம்மா." ஆப்பரேட்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலாளர் வந்தார். "என்ன மேடம், நல்லா வேலை செஞ்சாலும் குத்தமா? புது மருந்து போடுறோம், நல்லா கேக்குது. தொட்டி சரியா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. நானும் நிம்மதியா சாப்பிடுவேன்."

என்ன மருந்து என்று கேட்க நாக்கு எழுந்தது. மருந்தைக் கேட்டால் தொட்டியின் அளவைப் பற்றிப் பேச்சு வரும். அளவு வந்தால் தன் பிழையும் கூடவே வரும். நாக்கை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனான்.

"வாளியைப் பாரு. துணியே போடலை. இப்பதான் குழாயைத் திறந்து பிடிச்சேன். இதுக்கும் நான்தான் காரணமா?"

குனிந்து பார்த்தாள். அவளுடைய தொட்டிக்குள் ஒரு சொட்டுக்கூட வந்திராத நீலச் சாயம், ஆலையிலிருந்து நேரே ஆற்றில் கலந்து, குழாய் வழியாக வீடுவரை வந்து, அந்த வாளியின் அடியில் அழகாகப் படிந்துகொண்டிருந்தது.