மஞ்சள் பூசிய கல்

“குழி தோண்டுனது நானு, வைரம் எனக்குத்தான்டா!”

“காடு ரெண்டு பேருத்துதுங்ணா, பாதி எனக்கு!”

ராசம்மாளின் மகன்கள் போடும் சத்தத்தில் மாரமங்கலம் ஊரே வேலிப்பக்கம் நிற்கிறது. வீட்டை இரண்டாகப் பிரிக்கும் சுவருக்குச் செங்கல்கூட வந்து இறங்கியாயிற்று. நிலத்தில் குழி தோண்டியபோது கிடைத்து, இப்போது சாமி மாடத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வீற்றிருக்கும் கல்லை, சின்னவன் தன் பக்கம் பேசக் கூட்டிவந்த தீபிகா எடுக்கிறாள். காலேஜில் கல்லைப் பற்றிப் படிக்கிறவள். துப்பட்டாவால் மஞ்சளைத் துடைத்து, ஜன்னல் வெயிலில் மெல்லத் திருப்புகிறாள்.

“ஆறு பட்டை, கூரான நுனி. வைரம் இப்படி வளராதுங்க. வெறும் படிகக்கல்லுங்க.”

இரண்டு மீசைகளும் தொங்குகின்றன. “நொம்ப நல்லதாப் போச்சு கண்ணு!” என்று ராசம்மாள் கல்லுக்குப் புதுப் பொட்டு வைக்கிறாள்.

சுவருக்கு வந்த செங்கல்லில் பிறகு மாடியறை எழும்பியது. தை மாதம் சின்னவன் தீபிகாவைக் கட்டிக்கொண்டு அதில்தான் குடியேறினான்.