கோபித்துக்கொண்டு கிளம்பிய ஆமை

புது சொகுசுக் காருக்கு ஷோரூம்கார நரி அறுபது லட்சம் சொன்னது. ஆமை ஐம்பதுக்குக் கேட்டது. மச்சினன் கல்யாணத்துக்கு இந்த வண்டியில்தான் வருவேன் என்று ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்ததால் வண்டியை விடவும் முடியாது. ஆனாலும் காய்கறிக் கடையில் பலித்த வித்தையை இங்கேயும் எடுத்துவிட்டது.

"கட்டாதுப்பா, நான் கிளம்புறேன்!"

'அண்ணே, வாங்க வாங்க' என்று நரி கூப்பிடும் என நம்பி, காதைத் தீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது. நரி டீ குடித்தது. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தது. ஆமை பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் போய் 'சரி, கொடு' என்று சொல்லலாம்தான். அதற்கும் அரை நாள் ஆகும்.

வாசலை எட்டியபோது பின்னால் ஹாரன் கேட்டது. மாலை போட்ட அதே வண்டி. உள்ளே, அதை வாங்கிவிட்ட பெருச்சாளி.

"அண்ணே," என்றது நரி, "கொஞ்சம் சீக்கிரமா கோவிச்சுக்கிட்டுப் போங்க. வண்டி வெளியே போகணும்."