நூறு பேரில் இல்லாதவள்

"எங்கள் கல்லூரியில் நாலு வருஷப் பட்டம் முடித்து மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை செய்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இடம் கிடைக்கிறது" என்று அந்த அமெரிக்கக் கல்லூரியின் சேர்க்கைக் கூட்டத்தில் ஆலோசகர் சொன்னதும் பெற்றோர்கள் கைதட்டினார்கள். சுப்பையன் தட்டவில்லை.

பக்கத்து நாற்காலி எழிலரசி சிரித்தாள். "என்ன அங்கிள், நம்பிக்கை இல்லையா? என் பையன் மதனை இங்கதான் சேர்க்கப் போறேன். பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல அர்ச்சனையே பண்ணியாச்சு."

"டாக்டராகணும்னு முதல் வருஷம் எத்தனை பேர் வந்து சேர்ந்தாங்கன்னு அந்தாளைக் கேளும்மா."

"அது எதுக்கு?"

"மார்க் கொஞ்சம் குறைஞ்சாலும் காலேஜ் சிபாரிசு லெட்டர் தராது. லெட்டர் இல்லாம எவன் எடுப்பான்? அப்ளையே பண்ண விடாம பாதிப் பேரை விரட்டிட்டு, மிச்சம் இருக்கிறவனை மட்டும் எண்ணிக் காட்டுறானுங்க. ஏமாத்துக்காரப் பசங்க!"

"ஐயோ, மெதுவா அங்கிள்! எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. இப்பவே சண்டை போட்டா உங்க பொண்ணுக்கு இங்க எப்படி சீட் குடுப்பாங்க?"

"சீட்டெல்லாம் அப்பவே குடுத்துட்டாங்க. நாலு வருஷம் படிச்சு, போன மாசம் பட்டமும் வாங்கிட்டா" என்றார் சுப்பையன். "லெட்டர்தான் குடுக்கலை. இவன் சொல்ற நூறு பேர்ல என் பொண்ணு இல்லவே இல்லம்மா."

எழிலரசி, கேள்வி கேட்கக் கையை உயர்த்தினாள்.